தாத்தாவின் பேனாக்கத்தி துருப்பிடித்துவிட்டதா?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறதா? அதன் அடியில் கிடக்கும் சாமான்களைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். செல்லாத காசு, கால் உடைந்த மூக்குக் கண்ணாடி, மஞ்சள் பூத்த பத்திரம் இவற்றுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு மடக்குக் கத்தி அகப்படலாம். உங்கள் தாத்தாவோ, அவருடைய தகப்பனாரோ மடியில் செருகி வைத்திருந்த பேனாக்கத்தி அது. நகத்தால் நெம்பினாலும் திறக்காது. அலகு முழுவதும் செம்மண் நிறத்தில் துரு ஏறியிருக்கும்.

“காயலான் கடையில் போட்டுவிடலாம்” என்பார் ஒருவர். “சாணைச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கிவிடலாம்” என்பார் மற்றொருவர். இரண்டு யோசனைகளும் வேண்டாம். முதல் யோசனையால் கத்தி கையைவிட்டுப் போகும். இரண்டாவதால் கத்தி கையில் இருக்கும், ஆனால் அதன் உயிர் போய்விடும். அது எப்படி என்பதையும், அந்தக் கத்தியை வீட்டிலேயே எப்படிச் சீர்செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு?

உலோக முள் வைத்த பேனா வருவதற்கு முன் ஐரோப்பியர்கள் பறவையின் இறகைச் சீவி எழுதினார்கள். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். அதை மீண்டும் மீண்டும் சீவ ஒரு சிறு கத்தி தேவைப்பட்டது. அதுவே பேனாக்கத்தி. இறகுப் பேனா மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பனையோலையில் எழுதிய காலத்தில் ஓலையை அளவாக வாருவதற்குக் கத்தி வேண்டும். எழுதுவதற்கு எழுத்தாணி வேண்டும். இரண்டையும் ஒரே பிடியில் மடக்கி வைக்கும்படி நம் கொல்லர்கள் செய்த கருவிக்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். கணக்கு எழுதுபவர்களும் ஏடு எழுதுபவர்களும் கையோடு கொண்டு செல்ல ஏற்ற கருவி இது. உங்கள் பெட்டியில் கிடைத்த கத்தியின் ஒரு பக்கம் அலகும் மறுபக்கம் ஊசி போன்ற முனையும் இருந்தால், அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதீர்கள். அது எழுத்தாணியாக இருக்கலாம்!

செஞ்சியும் எஃகும்

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படைகள் அதனை முற்றுகையிட்டன. 1714இல் தேசிங்குராஜன் அங்கே போரில் மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் அதைப் பிடித்தனர். 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

இத்தனை போர்களிலும் மோதிக்கொண்ட வாள்களுக்கும் உங்கள் கையிலுள்ள சிறு கத்திக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அதுதான் எஃகு. எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கார்பனும் சேர்ந்த கலவை. ஆணி செய்யும் எஃகில் கார்பன் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான் இருக்கும். கத்திக்கு 0.6 முதல் 1 சதவீதம் வரை வேண்டும். இந்தச் சிறு வேறுபாடுதான் ஒன்றை வளையச் செய்கிறது, மற்றொன்றை வெட்டச் செய்கிறது.

எஃகு செய்வதில் நம் பகுதி பெயர் பெற்றிருந்தது. இரும்புத் துண்டுகளையும் செடிகொடித் துண்டுகளையும் களிமண் மூசையில் இட்டு, வாயை மூடி, உலையில் பல மணி நேரம் காய்ச்சினார்கள். செடிகளிலிருந்த கார்பன் இரும்பில் ஏறியது. அப்படிக் கிடைத்த உருக்கில் சுமார் 1.5 சதவீதம் கார்பன் இருந்தது. உருகிச் செய்யப்படுவதால் நாம் அதை உருக்கு என்றோம். கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு என்றார்கள். ஐரோப்பியர் வாயில் அது ‘வூட்ஸ்’ ஆனது. செஞ்சி அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில் இந்த மூசை உருக்குச் செய்யப்பட்ட இடத்தை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994இல் வெளியிட்டார்.

இந்த உருக்கு இங்கிலாந்து அறிஞர்களையும் வியக்க வைத்தது. ஜார்ஜ் பியர்சன் 1795இல் இதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார். மின்சார ஆராய்ச்சியால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே, 1819இல் இதைப் பகுப்பாய்வு செய்தார். அவர் ஒரு கொல்லரின் மகன்! அவருடன் சேர்ந்து ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கத்தி செய்யும் தொழிலைச் சேர்ந்தவர்.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே தென்னார்க்காட்டின் பரங்கிப்பேட்டையில் 1830 அளவில் இரும்பாலை அமைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். இங்கிலாந்து திரும்பிய பின், எஃகு காய்ச்சும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் 1839இல் காப்புரிமை பெற்றார். மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு செய்ய இம்முறை வழிவகுத்தது. ஷெஃபீல்டு நகரத்துக் கத்தித் தொழில் இதனால் பெரும் பயன் அடைந்தது. அலகின் அடிப்பகுதியில் ‘ஷெஃபீல்டு’ என்ற முத்திரையுள்ள பழைய கத்திகள் நம் வீடுகளில் அரிதல்ல. முத்திரை பெரும்பாலும் துருவுக்கு அடியில்தான் மறைந்திருக்கும். மெதுவாகத் துடைக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கத்தியின் உயிர் எது?

கார்பன் இருந்தால் மட்டும் போதாது. கொல்லர் பட்டறையில் கவனித்திருப்பீர்கள். அலகைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துவார். இதைத் தோய்ச்சல் என்பார்கள். சுமார் 800° செ. வெப்பத்தில் கார்பன் அணுக்கள் இரும்பு அணுக்களின் இடையே நன்றாகக் கரைந்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் அவை பிரிந்து வெளியேறும். சட்டெனக் குளிர்வித்தால் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். சிறைப்பட்ட கார்பன் இரும்பு அணுக்களின் அடுக்குகளை நகரவிடாது. அதனால் அலகு மிகக் கடினமாகிறது.

ஆனால் அந்நிலையில் அது கண்ணாடி போல் நொறுங்கவும் செய்யும். ஆகவே மீண்டும் 200° செ. அளவுக்குச் சூடாக்கிச் சிறிது இளக்குவார்கள். அதற்கு மேல் சூடு ஏறினால் கடினம் குறையத் தொடங்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகைச் சூடாக்கினால் சுமார் 220° செ.இல் இளமஞ்சளும், 260°இல் பழுப்பும், 280°இல் ஊதாவும், 300°இல் நீலமும் தோன்றும்.

வேகமாகச் சுழலும் மின்சாணைச் சக்கரத்தில் பட்ட மெல்லிய அலகு சில நொடிகளில் நீலநிறம் அடைந்துவிடும். அந்த இடத்தில் கொல்லர் ஏற்றிய கடினம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. இப்போது தெரிகிறதா, கத்தியின் உயிர் போகும் என்று சொன்னதன் பொருள்? அடுப்பில் காட்டித் துருவை எரிக்கலாம் என்று நினைப்பதும் இதே தவறுதான்.

துரு என்னும் எதிரி

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் வேண்டும்: ஆக்சிஜன், நீர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. உப்பு சேர்ந்தால் வேலை விரைவாகும். நம் கை வியர்வையில் உப்பு இருக்கிறது அல்லவா?

மடக்குக் கத்தியில் வேறொரு சிக்கலும் உண்டு. பல கத்திகளின் பிடிக்குள் பித்தளைத் தகடு வைத்திருப்பார்கள். பித்தளையும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் வியர்வை புகுந்தால் அது ஒரு சிறிய மின்கலம் ஆகிவிடும். அந்த மின்கலத்தில் அரிக்கப்படுவது இரும்புதான். பித்தளையை ஒட்டிய மூலைகளில் துரு மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

துரு, தான் தோன்றிய இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். அலகைப் பிடியோடு இணைக்கும் தறையாணியைச் சுற்றி அது பருத்து இறுகுகிறது. ஆகவேதான் கத்தி திறக்க மறுக்கிறது.

ஆனால் அலகிலுள்ள கறையெல்லாம் எதிரி அல்ல. சிவந்து, பொருபொருவென உதிர்வது துரு. அது ஈரத்தைப் பிடித்து வைத்து மேலும் அரிக்கும். கருமையாக, சாம்பல் நிறமாக, வழவழவென்று ஒட்டியிருப்பது வேறு. பல ஆண்டுகள் மாங்காயும் கொய்யாவும் நறுக்கியதால் ஏற்பட்ட கறை அது. காய்களில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து கருநிறச் சேர்மம் ஆகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதிவினைதான். இந்தக் கருமை அலகைச் சிறிதளவு காக்கவும் செய்யும். சிவப்பை நீக்குங்கள், கருப்பை விட்டுவிடுங்கள்.

சீர்செய்யும் முறை

பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டுமே இந்த வேலையைச் செய்யுங்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் கத்தியைப் பார்த்து, அதன் படத்தை நோட்டில் வரைந்து, அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இறுகிய மூட்டை இளக்குதல். தறையாணியின் இருபுறமும் தையல் இயந்திர எண்ணெயை இரண்டிரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்திருங்கள். நுண்துளைக் கவர்ச்சியால் எண்ணெய் மெல்லிய இடுக்குகளில் தானே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். பிறகு பெரியவர் அலகின் முதுகைத் துணியால் பிடித்துச் சிறிது சிறிதாகத் திறந்து மூட வேண்டும். முரட்டுத்தனமாக நெம்பினால் பிடியின் முதுகில் உள்ள வில் முறிந்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப்பிடித்துப் பிசுபிசுக்கும், ஆகவே வேண்டாம்.

இரண்டு: துருவை நீக்குதல். எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். போகாத இடத்தைப் பித்தளைக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். பித்தளை, கடினமாக்கிய எஃகைவிட மென்மையானது. ஆகவே துரு உதிரும், அலகில் கீறல் விழாது. உப்புத்தாளைக் கடைசியாக மட்டும், மிக நயமானதாகத் தேர்ந்து பயன்படுத்துங்கள். முத்திரையின் மேல் அது படவே கூடாது.

புளி போட்டுத் தேய்க்கலாமா? புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் துருவைக் கரைப்பது உண்மை. ஆனால் துரு தீர்ந்ததும் அது இரும்பையே தின்னத் தொடங்கும். வேண்டுமானால் அலகில் மட்டும் சில நிமிடம் பூசி, கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து எண்ணெய் இடுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குச் சேர்ப்பதுபோல் உப்பு சேர்க்காதீர்கள். உப்பு துருவின் நண்பன் என்பதை மேலே பார்த்தோம்.

மூன்று: பிடியைக் காத்தல். மரப்பிடி, கொம்புப்பிடி உள்ள கத்தியை நீரில் ஊற வைக்கக் கூடாது. அவை உப்பி வெடிக்கும். கண்ணாடிபோல் மினுங்கும் பழைய பிளாஸ்டிக் பிடி செல்லுலாய்டாக இருக்கலாம். அது எளிதில் தீப்பற்றும். நாள்பட்டால் சிதைந்து அமில வாயுவை வெளியிடும். பக்கத்திலுள்ள எஃகையும் அரிக்கும். அத்தகைய கத்தியை மூடிய டப்பாவில் வைக்காதீர்கள். நெருப்பருகே கொண்டு போகாதீர்கள்.

கூர்மையின் கணக்கு

கூர்மை என்பது அழுத்தத்தின் கணக்கு. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். 5 செ.மீ. நீளமுள்ள விளிம்பை ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறீர்கள் என்று கொள்வோம். மழுங்கிய விளிம்பின் கனம் 0.1 மி.மீ. என்றால் பரப்பு 5 சதுர மி.மீ. அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 20 மடங்கு. தீட்டிய விளிம்பின் கனம் 0.001 மி.மீ. என்றால் அதே கைவிசையில் அழுத்தம் 2,000 மடங்கு ஆகிறது! மழுங்கிய கத்திதான் ஆபத்தானது என்று பெரியவர்கள் சொல்வதன் காரணமும் இதுவே. வெட்டாத கத்தியை நாம் அழுத்துவோம்; அழுத்தினால் அது வழுக்கிக் கையில் பாயும்.

எஃகைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். கத்தி எஃகின் கடினம் மோஸ் அளவில் சுமார் 6. செஞ்சிக் குன்றுகளின் கருங்கல்லில் உள்ள குவார்ட்சு 7. ஆகவே கருங்கல் எஃகைக் கீறும். ஆனால் அதன் மணிகள் பருமனானவை, ஒரே அளவினவும் அல்ல; எனவே விளிம்பு பல்லுப் பல்லாகிவிடும். நம் முன்னோர் தேர்ந்தெடுத்தது குருந்தக்கல். அதன் கடினம் 9. வைரம் ஒன்றுதான் மோஸ் அளவில் அதற்கு மேல். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குருந்தத்துக்குப் பெயர்போன இடம். ஆங்கிலத்தில் இதைக் ‘கோரண்டம்’ என்கிறார்களே, அச்சொல் நம் ‘குருந்தம்’ என்பதிலிருந்தே பிறந்தது.

கடையில் கிடைக்கும் தட்டையான சாணைக்கல் போதும். கல்லை நனைத்துக்கொண்டு, அலகைச் சுமார் 20 பாகைக் கோணத்தில் சாய்த்துத் தள்ள வேண்டும். கோணத்தை எப்படி அறிவது? ஒரு காகிதத்தின் செங்கோண மூலையை மடித்தால் 45 பாகை. மீண்டும் மடித்தால் 22.5 பாகை. அந்த மடிப்பைக் கல்லருகே நிறுத்தி, அலகின் சாய்வை ஒப்பிடுங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தீட்டுங்கள். விளிம்பின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு தோன்றினால் அந்தப் பக்கம் போதும் என்று பொருள். இறுதியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், கூர் பின்னால் வரும்படி இழுத்தால் பிசிறு நீங்கும். கூரை விரலில் சோதிக்காதீர்கள், காகிதத்தில் சோதியுங்கள்.

தப்பித்தவறிக் கை வெட்டுப்பட்டால் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். இரணஜன்னி துருவால் வருவதில்லை. மண்ணிலும் அழுக்கிலும் வாழும் ஒருவகை பாக்டீரியாவால் வருகிறது. பழைய கத்தியின் இடுக்கில் அந்த அழுக்கு இருக்கலாம். தடுப்பூசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

புதுப்பிடி போடலாமா?

பிடியின் ஒரு பக்கம் உடைந்து போயிருந்தால் புதிதாகச் செய்து பொருத்தலாம். வேம்பு, பலா, வைரம் பாய்ந்த பனை ஆகியவை ஏற்றவை. செஞ்சிப் பக்கத்து ஊர்களில் பனைக்கா பஞ்சம்! கருமையான பனஞ்சிராயை இழைத்தால் கோடு கோடாக அழகாக இருக்கும். மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரமரம் பின்னால் சுருங்கித் தறையாணியைத் தளர்த்திவிடும். வேலை முடியும்வரை அலகை மடக்கி நாடாவால் கட்டி வையுங்கள். துளையிடுவதையும் ஆணி தறைவதையும் பழகிய கைகளுக்கு விட்டுவிடுங்கள்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். அதன் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படலம் ஆகும். தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் குணம் இல்லை. ஓர் எச்சரிக்கை: இந்த வினை வெப்பத்தை வெளியிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை விரித்து வெளியில் உலர்த்திய பின்பே எறியுங்கள்.

யானைத் தந்தமோ மான் கொம்போ வாங்கிப் பிடி போட நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உடைந்த பழைய பிடியையும் எறிந்துவிட வேண்டாம். ஒரு காகித உறையில் போட்டு, ‘இன்ன தேதியில் மாற்றப்பட்டது’ என்று எழுதி வையுங்கள். அருங்காட்சியகங்களில் கடைப்பிடிக்கும் விதி இதுதான்: குறைவாகச் செய், செய்ததை எழுதி வை, பழையதைத் தொலைக்காதே.

தொடக்கூடாத கத்தி

எல்லாப் பழைய இரும்பையும் நாமே சீர்செய்யலாமா? கூடாது. செஞ்சிக் கோட்டைக்கோ வேறொரு பழைய இடத்துக்கோ போகும்போது மண்ணில் இரும்புத் துண்டு ஒன்று தெரிந்தால் எடுக்காதீர்கள். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். அந்தத் துண்டு எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருளுக்கு அருகில் கிடந்தது என்பதே அதன் வயதைச் சொல்லும் சான்று. எடுத்துவிட்டால் சான்று அழியும். அதுமட்டுமல்ல, நெடுங்காலம் புதைந்த இரும்பில் மண்ணிலிருந்து குளோரைடு உப்பு ஊறியிருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் அரிப்பு முன்னிலும் வேகமாகி, சில மாதங்களிலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடலாம். அதைத் தடுக்க ஆய்வுக்கூடம் வேண்டும்.

வீட்டுக் கத்தியிலும் அலகில் நீரலை போன்ற வரிகள் தென்பட்டால் தேய்ப்பதை நிறுத்துங்கள். மூசை உருக்கின் அடையாளமாக அவை இருக்கலாம். அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடிக் குப்பிகளில் ஒவ்வோர் இரும்பாணி போடுங்கள். முதலாவதில் ஆணி பாதி நனையும்படி நல்ல தண்ணீர்; இரண்டாவதில் அதேபோல் உப்புத் தண்ணீர்; மூன்றாவதில் ஆணிக்கு எண்ணெய் பூசிவிட்டு நல்ல தண்ணீர். பத்து நாள்கள் தினமும் பார்த்துக் குறித்து வாருங்கள். நான்காவதாக ஓர் ஆணியில் பித்தளைக் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீரில் இட்டு, இரண்டாவதோடு ஒப்பிடுங்கள். உங்கள் குறிப்பே கத்தியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

சீர்செய்த கத்தியை ஈரமில்லாமல் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பெரியவர் சொல்லும் இடத்தில் வையுங்கள். பள்ளிக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அது யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதி, கத்தியோடு சேர்த்து வையுங்கள். எஃகைத் துருவிலிருந்து எண்ணெய் காக்கும். அதன் கதையை மறதியிலிருந்து காக்க உங்கள் எழுத்து வேண்டும்.